பழைய புத்தகக் குவியலை முறையாகப் பார்வையிடுவது எப்படி: நெல்லைச் சீமை வாசகருக்கு ஒரு வழிகாட்டி

திருநெல்வேலிச் சீமையில் பழைய புத்தகங்கள் வகைபிரித்து அடுக்கிய நிலையில் கிடைப்பது அரிது. பூட்டிக் கிடந்த வீட்டை விற்பதற்காகத் திறக்கும்போது மச்சிலிருந்து இறக்கப்படும் டிரங்குப் பெட்டிகள், மூடப்பட்ட வாசகசாலையிலிருந்து யாரோ ஒருவர் பொறுப்பேற்றுத் தம் வீட்டு முன்பகுதியான தார்சாவில் அடுக்கி வைத்த கட்டுகள், எடைக்குப் போடுவதற்கு முன்பு ஒருமுறை பார்த்துக்கொள்ளும்படி ஓய்வுபெற்ற ஆசிரியரின் குடும்பத்தார் காட்டும் அலமாரி, பழைய புத்தகக் கடையின் தரைக்குவியல் என்று அவை கலந்தே கிடக்கின்றன. துப்பறியும் நாவலுக்கு அடியில் சைவ வினாவிடையும், அதற்கு அடியில் ஹோமியோபதிக் கையேடும், அதையும் தாண்டிப் போனால் ஒரு பள்ளியின் ஆண்டு மலரும் இருக்கும். ஒரு குறிப்பிட்ட நூலைத் தேடிப் போகிறவருக்கு இந்தக் கட்டுரை அதிகம் பயன்படாது. எந்தத் தலைப்பையும் மனத்தில் வைத்துக்கொள்ளாமல், இருப்பதையெல்லாம் ஒருமுறை ஒழுங்காகப் பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கிறவருக்காகவே இது எழுதப்படுகிறது.

இத்தகைய சேகரிப்பைக் கண்டதும் கதைகளை ஒருபுறமும் மற்றவற்றை ஒருபுறமும் பிரித்து அடுக்கிவிட வேண்டும் என்றுதான் பலருக்கும் தோன்றும். அவ்வாறு செய்யாமல் இருப்பது நல்லது. ஒரு வீட்டின் புத்தகங்கள் கலந்து கிடக்கும் முறையே அந்த வீட்டில் யார் எதைப் படித்தார்கள், எந்த ஆண்டுகளில் வாங்கினார்கள், எப்போது வாங்குவதை நிறுத்தினார்கள் என்பதைக் காட்டுகிறது; பிரித்த பிறகு அதை மீட்டெடுக்க முடியாது. எனவே இங்கே சொல்லப்படும் முறை முழுவதும், முதலில் பார்ப்பது, பிறகு குறிப்பது, கடைசியில்தான் நகர்த்துவது என்ற வரிசையைச் சார்ந்தது.

போவதற்கு முன்பு

தை முதல் பங்குனி வரையிலான மாதங்கள் இந்த வேலைக்கு உகந்தவை. வடகிழக்குப் பருவமழையின் ஈரம் அப்போது தணிந்திருக்கும். தாள் முறுகிப்போகும் அளவுக்குக் கோடை வெயில் ஏறியிருக்காது. தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பக்கத்து வீடுகளாக இருந்தால் ஆனியிலும் ஆடியிலும் போகவே கூடாது. சாரல் காலத்தில் அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதோடு, திறந்த புத்தகம் அரைமணி நேரத்தில் ஈரத்தை இழுத்துக்கொண்டு விடும். காலை வெளிச்சத்தில் தொடங்கி, வெளிச்சம் மங்குவதற்குள் நிறுத்திவிட வேண்டும். மங்கிய பென்சில் எழுத்தும் பூச்சி அரித்த தடமும் மின்விளக்கில் எளிதாகத் தப்பிவிடும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை அதிகமில்லை. மென்மையான பெயிண்ட் பிரஷ், துவைத்துத் துவைத்து மிருதுவான பழைய வேட்டித் துண்டு, முகக்கவசம், பென்சில், நோட்டு, அடையாளம் வைப்பதற்கு மெல்லிய வெள்ளைத் தாளில் வெட்டிய பட்டைகள், கைப்பேசி ஆகியவை போதும். பசை தடவிய வண்ணச் சீட்டுகளையும் உலோகக் கிளிப்புகளையும் தவிர்க்க வேண்டும். கையுறை தேவையில்லை; கழுவி உலர்த்திய வெறுங்கையே நொய்ந்த தாளின் ஓரத்தைச் சரியாக உணரும். ஆனால் விரலை எச்சிலில் தொட்டுப் பக்கம் புரட்டும் வழக்கம் உடையவர்கள் அன்று ஒருநாளாவது அதைக் கைவிட வேண்டும். கரையானுக்கும் பாச்சைக்கும் அஞ்சி அலமாரிகளில் டி.டி.டி. போன்ற பூச்சிமருந்துத் தூளைத் தூவி வைப்பது முன்பு சாதாரணமாக இருந்தது. அந்தத் தூள் இன்னும் பக்கங்களுக்கு இடையே இருக்கக்கூடும்.

அனுமதி கேட்பதும் முன்னேற்பாட்டில் சேர்ந்ததே. கடையாக இருந்தால், "அண்ணாச்சி, கட்டைப் பிரிச்சுப் பாத்துட்டு, இருந்தபடியே கட்டி வச்சிருதேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால், பெரும்பாலான கடைக்காரர்கள் ஒரு முக்காலியையும் எடுத்துப் போடுவார்கள். வீடாக இருந்தால், அலமாரியின் சாவியை வைத்திருக்கும் மகனிடம் பேசுவதைவிட, அங்கே உட்கார்ந்திருக்கும் ஆச்சியிடம் பேசுவது மிகுந்த பயன் தரும். எந்தப் புத்தகம் யார் வாங்கியது, எது இரவல் வந்து திரும்பாமல் தங்கிவிட்டது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து வைத்தவரே அவராக இருப்பதும் உண்டு.

முதல் சுற்று

முதல் சுற்றில் எதையும் வெளியே எடுக்க வேண்டாம். ஒவ்வொரு தட்டையும், ஒவ்வொரு பெட்டியையும் அதன் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் வரை படம் பிடித்துக்கொண்டு, நோட்டில் தட்டுக்கு ஓர் எண் இட்டுக்கொள்ள வேண்டும். முதுகில் பெயர் தெரிகிறவற்றை மட்டும் படித்துக்கொண்டே போனால் சில கூட்டங்கள் தாமாகவே கண்ணில் படும். ஒரே பச்சைக் காலிகோ அட்டையில் வரிசையாக நிற்பவை ஒரே பைண்டரிடம் ஒரே காலத்தில் கட்டப்பட்டவையாக இருக்கலாம். ஒரே உயரத்தில் இருக்கும் மெல்லிய நூல்கள் ஒரு பதிப்பகத்தின் மலிவு வரிசையாக இருக்கலாம். முதுகில் பெயரே இல்லாதவற்றைப் பலர் கடந்துபோய் விடுகிறார்கள். நல்லவை பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கின்றன என்பதால், அவற்றுக்கு மட்டும் இரண்டாம் சுற்றில் தனியாக நேரம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் சுற்றில் புத்தகத்தை எடுக்கும்போது முதுகின் மேல்விளிம்பில் விரலைக் கொக்கியிட்டு இழுக்கக் கூடாது. பழைய அட்டைகள் கிழிவதே அந்த இடத்தில்தான். இருபுறமும் உள்ள நூல்களைச் சற்றே உள்ளே தள்ளி, நடுவில் இருப்பதை இரு பக்கமும் பற்றி எடுக்க வேண்டும். மேல் விளிம்பில் படிந்த தூசியை, புத்தகத்தை மூடியே வைத்துக்கொண்டு, முதுகிலிருந்து வெளிப்புறமாகத் துலக்கிய பிறகே திறக்க வேண்டும். முழுவதும் விரித்து மல்லாத்தாமல், கைக்குள் அடங்கும் கோணத்தில் மட்டும் திறந்தால் முதுகு உடையாது. மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் தங்கியுள்ள அமிலம் அதைப் பழுப்பாக்கி முறியச் செய்கிறது. அத்தகைய தாளின் மூலையை மடித்துப் பார்த்துச் சோதிப்பவர்கள் உண்டு. அந்தச் சோதனையில் மூலை போய்விடும். நிறத்தைப் பார்த்தாலே போதும்.

வட்டமான சிறு துளைகள் பக்கங்களை ஊடுருவிச் சென்றால் அது வண்டுப் புழுவின் வேலை. மேற்பரப்பைச் சுரண்டியதுபோல ஒழுங்கற்ற மெலிவு தெரிந்தால் இராமபாணப் பூச்சியின் வேலை. மண் பூசிய தடத்தோடு பெரும்பகுதி காணாமல் போயிருந்தால் கரையான். துளையிலிருந்து புதிய மாவுபோலத் தூள் உதிர்ந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது என்று கொண்டு, அந்த நூலைத் தனிப் பையில் இட்டு மற்றவற்றிலிருந்து பிரித்துவிட வேண்டும். தாமிரபரணிக் கரை ஊர்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1992 நவம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் வெள்ளத்திலும் நனைந்து உலர்ந்த புத்தகங்களில் ஒரே உயரத்தில் பழுப்புக் கோடு ஓடியிருக்கும். வண்டல் பொடி தையலுக்குள் தங்கியிருக்கும். வழவழப்பான தாளில் அச்சிட்ட படப் பக்கங்கள் நனைந்து ஒட்டியிருந்தால் அவற்றைப் பிரிக்க முயலக் கூடாது. பூசணம் படர்ந்தவற்றை வீட்டுக்குள் திறக்கவும் கூடாது.

ஆண்டைக் கண்டுபிடித்தல்

பழைய நூல் ஒன்றைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அது எப்போது அச்சானது என்பதே. தலைப்புப் பக்கத்தில் ஆண்டு இருந்தாலும் அதை அப்படியே எழுதிக்கொள்ள முடியாது. ஏனெனில் நம் பக்கத்து நூல்களில் குறைந்தது நான்கு வகை ஆண்டுக் கணக்குகள் வழங்கியிருக்கின்றன. திருவள்ளுவர் ஆண்டு கிறிஸ்து ஆண்டைவிட 31 கூடுதல் என்பதால், 1981 என்று அச்சிட்ட தனித்தமிழ்ப் பதிப்பு உண்மையில் 1950ஐச் சேர்ந்ததாக இருக்கலாம். கொல்லம் ஆண்டு திருநெல்வேலியில் ஆவணியில் பிறக்கும். அதனோடு ஆவணி முதல் மார்கழி நடு வரை 824ஐயும், பிறகு 825ஐயும் கூட்டினால் கிறிஸ்து ஆண்டு கிடைக்கும். கொல்லம் 1100 என்று கையால் எழுதியிருந்தால் அது 1924–25 என்று அறிய வேண்டும். சில தலைப்புப் பக்கங்களில் எண்கள் தமிழ் இலக்கங்களில் இருக்கும். ௧ முதல் ௯ வரையிலும், ௰, ௱, ௲ ஆகியவற்றையும் நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்துக்கொண்டால் தடுமாற வேண்டியதில்லை.

அறுபது ஆண்டுச் சுழற்சியின் பெயர் மட்டும் தரப்பட்டிருக்கும் நூல்களே மிகுந்த குழப்பம் தருகின்றன. சுபகிருது வருடம் என்று மட்டும் இருந்தால் அது 1902–03ஆகவும் இருக்கலாம், 1962–63ஆகவும் இருக்கலாம். இங்கே விலை நமக்கு உதவும். 1957 ஏப்ரல் 1ஆம் நாள் தசம நாணய முறை வந்தது. அதற்கு முன்பு ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை என்பது கணக்கு. விலை 0-8-0 என்று மூன்று பகுதிகளாக இருந்தால் அது எட்டணா. எனவே அந்தச் சுபகிருது 1902ஐச் சேர்ந்தது. 'ந.பை.' என்று இருந்தால் அது நயா பைசா. அந்தப் பெயர் 1957 முதல் 1964 வரையே வழங்கியதால் நூல் 1962ஐச் சேர்ந்தது. மாற்றத்தின் முதல் சில ஆண்டுகளில் பழைய கையிருப்பின் மேல் புதிய விலைச்சீட்டு ஒட்டி விற்றதும் உண்டு. ஒட்டிய சீட்டைக் கொண்டு ஆண்டை முடிவு செய்யக் கூடாது.

எழுத்து வடிவம் அடுத்த சான்று. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன்பு ணை, லை, ளை, னை ஆகியவற்றின் ஐகாரம் துதிக்கைபோல மேலே வளைந்தும், ணா, றா, னா ஆகியவை தனி வடிவிலும் அச்சாயின. பழைய வடிவம் இருந்தால் நூல் 1978க்கு முந்தையது என்று சொல்ல ஆசையாக இருக்கும். ஆனால் ஈய எழுத்துகளை உடனே மாற்ற முடியாத சிறிய அச்சகங்கள் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் பழைய எழுத்திலேயே அச்சிட்டன. மறுபுறம், பெரியார் 1935 முதலே தம் ஏடுகளில் புதிய வடிவங்களைப் பயன்படுத்தினார். எனவே புதிய எழுத்தில் அச்சான ஒரு சுயமரியாதைச் சிறுநூலை அண்மைக் காலத்தது என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

முகவரியும் முத்திரையும் பலமுறை தலைப்புப் பக்கத்தைவிடத் துல்லியமாகப் பேசும். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1972 ஆகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்தது. 'திருநெல்வேலி-6' என்பதுபோல ஓரிலக்கத்தோடு நிற்கும் முகவரி பெரும்பாலும் அதற்கு முந்தையது. 'திருநெல்வேலி ஜில்லா, ஸ்ரீவில்லிபுத்தூர்' என்று இருந்தால், அந்தத் தாலுகா 1910இல் இராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போவதற்கு முன்பு போடப்பட்டதாகக் கொள்ளலாம். செங்கோட்டையைத் திருவிதாங்கூரோடு சேர்த்துச் சொல்லும் முத்திரை, அவ்வூர் 1956 நவம்பரில் நம்மோடு இணைவதற்கு முந்தைய காலத்தைக் காட்டும். 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமானதற்குப் பிறகு 1997 வரை நம் மாவட்டத்துக்கு நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று பெயர். அந்தப் பெயரில் உள்ள நூலக முத்திரை அந்தப் பதினோரு ஆண்டுகளுக்குள் குத்தப்பட்டதுதான். முத்திரை, நூல் அதன் சொந்தக்காரர் கைக்கு வந்த காலத்தைக் காட்டுகிறதே தவிர, அச்சான காலத்தை அன்று; இரண்டையும் நோட்டில் தனித்தனியாகவே குறிக்க வேண்டும்.

அடுத்து, நூல் முழுமையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்க எண்களை எண்ணுவதைவிடப் பாரங்களை, அதாவது ஒரே தாளில் அச்சிட்டு மடித்துத் தைத்த பக்கத் தொகுதிகளை, எண்ணுவது விரைவானது. பதினாறு பக்கங்கள் கொண்ட ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்கத்து அடியிலும் ஒரு சிறிய எண் இருக்கும். அது வரிசையாக ஓடினால் நடுவில் பாரம் எதுவும் விடுபடவில்லை. கடைசிப் பாரத்தை மட்டும் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். இரவல் கொடுத்த வீட்டில் பழிவாங்கும் நோக்கத்தோடு கிழித்தார்களோ என்று ஐயுறும் அளவுக்கு, துப்பறியும் கதைகளில் கொலைகாரன் யார் என்று தெரியும் பக்கங்களே காணாமல் போயிருக்கும்.

கதைகள்

நெல்லைச் சீமை வீடுகளில் கிடைக்கும் கதைத்தொகுதிகளில் நான் மிக உயர்வாக மதிப்பது, வார இதழ்களிலிருந்து கிழித்துச் சேர்த்துத் தைத்த தொடர்கதை பைண்டிங்குகளைத்தான். அச்சான நூலே கடையில் கிடைக்கும்போது இந்தக் கிழிசலை யார் வைத்துக்கொள்வார்கள் என்று பலர் கேட்கிறார்கள். 'கல்கி' இதழில் 1950 முதல் 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வன்' தொடரை எடுத்துக்கொண்டால், மணியம் வரைந்த படங்கள் முதலில் எந்த அளவில், எந்த இடத்தில் அமைந்தன என்பதை இதழ்ப் பக்கங்களில்தான் பார்க்க முடியும். அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு தாளின் மறுபுறத்திலும் தொடர்கதைக்குத் தொடர்பில்லாத ஏதோ ஒன்று இருக்கும்: பாதியில் முடியும் சிறுகதை, சோப்பு விளம்பரம், வாசகர் கடிதம், நகைச்சுவைத் துணுக்கு. கிழித்தவர் வேண்டாம் என்று நினைத்த அந்தப் பகுதிகள் வேறெங்கும் மறுபதிப்பாகவில்லை. எனவே பைண்டிங்கைப் பார்க்கும்போது கதையைத் தொடர்ந்து படிக்காமல், ஒருமுறை மறுபக்கங்களை மட்டும் புரட்டிப் பார்க்க வேண்டும். வாரங்கள் விடுபட்டிருந்தால் அத்தியாய எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். சில வீடுகளில் விடுபட்ட வாரத்தைக் கையால் எழுதிச் சேர்த்திருப்பதும் உண்டு.

மாத நாவல்கள் தனிக் கூட்டம். 1969இல் 'ராணி முத்து' தொடங்கிய பிறகு, முழு நாவலைப் பத்திரிகை விலைக்கு வாங்கும் வழக்கம் பரவியது. பேருந்து நிலையக் கடைகளில் வாங்கி, படித்து, கைமாறிக் கைமாறி வந்தவை என்பதால் இவை அட்டை இல்லாமல்தான் கிடைக்கும். தைத்த கம்பி துருப்பிடித்துத் தாளையும் அரித்திருக்கும். இலக்கியத் தரம் என்ற ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு இவற்றை ஒதுக்குவது சரியன்று. ஒரு காலத்துச் சம்பளம், வீட்டு வாடகை, ரயில் நேரம், பெண்கள் வேலைக்குப் போனதைப் பற்றிய பேச்சு ஆகியவை இவற்றில் இயல்பாகப் பதிந்திருக்கின்றன.

மொழிபெயர்ப்புகளை முதுகைப் பார்த்தே ஓரளவு அடையாளம் காணலாம். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும், பின்னர் ராதுகா பதிப்பகமும் வெளியிட்ட தமிழ் நூல்கள் கெட்டி அட்டையும் நூல்தையலும் கொண்டவை. சோவியத் நாடு குலைந்த 1991ஓடு அவற்றின் வரவு நின்றுபோனாலும், கட்டு உறுதியாக இருப்பதால் இன்றும் குவியலில் நிமிர்ந்து நிற்பவை அவையே. 1950களிலும் 60களிலும் அமெரிக்க நூல்களை மலிவு விலையில் தமிழில் தந்த பேர்ல் பப்ளிகேஷன்ஸ் வெளியீடுகள் அதற்கு நேர்மாறாகச் சிறியவை, நொய்ந்தவை. இரண்டும் ஒரே வீட்டில் அருகருகே இருந்தால், பனிப்போரின் இரு தரப்பும் அந்தத் தார்சா வரை வந்துபோயிருக்கின்றன என்று பொருள். மொழிபெயர்ப்பாளரின் பெயர் அட்டையில் இல்லாமல் உள்ளே சிறிய எழுத்தில் இருக்கும். அதைத் தேடி எழுதிக்கொள்ள வேண்டும்.

கதை நூலை வாங்கலாமா, படிக்கலாமா என்று தீர்மானிக்க முதல் பக்கம் போதாது. பழைய நாவலாசிரியர்கள் முதல் அத்தியாயத்தில் இயற்கை வருணனையிலும் நீதி உரையிலும் நெடுநேரம் தங்கிவிடுவார்கள். முன்னுரையை முதலில் படித்துவிட்டு, நூலின் மூன்றில் இரண்டு பங்கு தாண்டிய இடத்தில் இரண்டு மூன்று பக்கங்களை ஊன்றிப் படிப்பது என் வழக்கம். பாத்திரங்கள் பேசிக்கொள்ளும் இடமாக அது அமைந்தால் மிகவும் நல்லது. பேச்சு உயிரோடு இருந்தால் மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். நம் பக்கத்து வாசகருக்கு இதில் ஒரு கூடுதல் வசதி உண்டு: திருநெல்வேலியைக் களமாகக் கொண்டதாகச் சொல்லும் கதையில் பேச்சுமொழி உண்மையானதா, சென்னையில் உட்கார்ந்து ஒப்புக்கு எழுதியதா என்பது ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

கதையல்லாதவை

இந்தச் சீமையின் சேகரிப்பு எதிலும் தவறாமல் இருப்பவை கழக வெளியீடுகள். திருநெல்வேலித் தென்னிந்திய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1920இல் இங்கேதான் தோன்றியது. 'செந்தமிழ்ச் செல்வி' இதழையும் 1923 முதல் நடத்தியது. அதிகமாகக் கிடைப்பதாலேயே இவற்றை அலட்சியமாகத் தள்ளிவிடுகிறோம். ஒரே நூலின் பல பதிப்புகள் ஒரே வீட்டில் இருந்தால் அவற்றின் முன்னுரைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு உரைக்குறிப்புகள் மாறுவதும், நன்றி சொல்லும் பெயர்கள் மாறுவதும் உண்டு. பின்னட்டையில் உள்ள நூற்பட்டியலையும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்று எவரும் கேள்விப்படாத தலைப்புகள் அங்கே விலையோடு நிற்கும்.

சமய நூல்களைப் பார்க்கும்போது நம் சமயத்தைச் சேர்ந்தவற்றை மட்டும் புரட்டிவிட்டு மற்றவற்றை மூடிவிடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பாளையங்கோட்டையிலும் நாசரேத்திலும் இயங்கிய மிஷன் அச்சகங்கள் வேதநூல்களோடு பாடநூல்களையும் இசைப்பாடல்களையும் அறிக்கைகளையும் அச்சிட்டன. ஒரு சிற்றூரில் பள்ளி எப்போது தொடங்கியது என்பதற்கு அந்த அறிக்கையே ஒரே அச்சுச் சான்றாக இருக்கக்கூடும். மேலப்பாளையம், காயல்பட்டினம் பக்கத்து வீடுகளில் அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் நூல்கள் இருக்கும். அவை வலப்பக்கத்திலிருந்து திறப்பவை. நாம் பின்னட்டை என்று நினைப்பதே அவற்றின் முகப்பு. அரபு மொழி நூல் என்று எண்ணி ஒதுக்குவதற்கு முன்பு, அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் இரண்டு வரி வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

வில்லுப்பாட்டுக் கதைகளும் அம்மானைகளும் பெரிய எழுத்துப் பதிப்புகளாக, மட்டமான தாளில், கோயில் திருவிழாக் கடைகளில் விற்றவை. அவை இரண்டு தலைமுறைக்குத் தாக்குப்பிடிப்பதே அரிது. அட்டை இல்லாமலும் முதல் பாரம் இல்லாமலும் கிடைத்தாலும் எடுத்து வைக்க வேண்டும். நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை, இத்தகைய கதைப்பாடல்களைத் தொகுத்து ஆய்வுரையோடு தந்த பதிப்புகளை 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அந்தப் பதிப்பு ஒன்று கையில் இருந்தால், குவியலில் கிடைக்கும் பெயரில்லாத துண்டு எந்தக் கதையைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க உதவும்.

ஊர் வரலாறு பேசும் நூல்களைத் தேதியோடு சேர்த்தே படிக்க வேண்டும். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாறும், 1917இல் வந்த, எச்.ஆர். பேட் என்பவரின் மாவட்டக் கெசட்டியரும் (அரசு விவரத் தொகுப்பு) ஆங்கிலத்தில் உள்ளவை. வழக்கறிஞர் வீட்டு அலமாரிகளில் இவை கிடைப்பதுண்டு. தங்கள் காலத்தில் கண்டதையும் அரசு அலுவலக ஆவணங்களில் படித்ததையும் சொல்லும் இடங்களில் இவை இன்றும் இன்றியமையாதவை. பழங்காலத்தைப் பற்றி ஊகிக்கும் இடங்களில் அவ்வாறு சொல்ல முடியாது. ஆதிச்சநல்லூரில் 2004இல் மீண்டும் அகழாய்வு நடந்தது; அதற்கு முன்பு எழுதிய எந்த நூலுக்கும் அதன் முடிவுகள் தெரிந்திருக்க வழியில்லை. எனவே நூலைத் திறந்ததும் ஆசிரியர் எதைக் கண்ணால் கண்டார், எதைக் கல்வெட்டிலிருந்து எடுத்தார், எதைக் கேள்விப்பட்டு எழுதினார் என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஊர்ப்பெயர்களைப் பற்றி அறிய விரும்புகிறவர், இராசவல்லிபுரத்தைச் சேர்ந்த ரா.பி. சேதுப்பிள்ளையின் 'தமிழகம் ஊரும் பேரும்' நூலின் பழைய பதிப்பு கண்ணில் பட்டால் விடக்கூடாது. பழைய மருத்துவக் கையேடுகளை வரலாற்றுச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். அவற்றில் உள்ள அளவுகளின்படி மருந்து உண்ணக் கூடாது.

எவரும் நூல் என்று மதிக்காதவற்றுக்கே நான் கூடுதல் நேரம் ஒதுக்கச் சொல்வேன். கோயில் குடமுழுக்கு மலர், பள்ளி நூற்றாண்டு மலர், சாதிச் சங்க மாநாட்டு மலர், கூட்டுறவுச் சங்க அறிக்கை, கல்யாண வாழ்த்துப்பா, பஞ்சாங்கம், விதை வணிகரின் விலைப்பட்டியல் ஆகியவை நூலகங்களுக்கும் போகவில்லை, மறுபதிப்பும் ஆகவில்லை. பெரிய நாவல் ஒன்றின் முதற்பதிப்பு தொலைந்தாலும் வேறொரு வீட்டில் இன்னொரு பிரதி இருக்கும்; சிற்றூர் ஒன்றின் நூற்றாண்டு மலருக்கு அந்த உறுதி இல்லை. மலரின் கட்டுரைகளைவிட விளம்பரப் பக்கங்களில் சரக்கு அதிகம்: எந்த வீதியில் எந்தக் கடை இருந்தது, எந்தப் பேருந்து நிறுவனம் எந்தத் தடத்தில் ஓடியது என்பதெல்லாம் அங்கே இருக்கும்.

நூலில் உள்ள கையெழுத்துகள்

உள்ளட்டையில் பெயர், வாங்கிய நாள், கொடுத்தவர் பெயர் இருந்தால் எழுதிக்கொள்ள வேண்டும். ஓரங்களில் உள்ள குறிப்புகள் கோடு போட்ட இடங்களைவிட மதிப்புள்ளவை. கதாநாயகனைத் திட்டி எழுதியவற்றையும், 'இது எங்கள் தெருவில் நடந்ததுபோல் இருக்கிறது' என்ற வகைக் குறிப்புகளையும் நான் பதிப்புரைக்கு இணையாகவே படிப்பேன். பக்கங்களுக்கு இடையே கடிதம், ஜாதகம், கடன் சீட்டு, புகைப்படம் இருந்தால் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துவிட்டு, படிக்காமல் குடும்பத்தாரிடம் கொடுப்பதே முறை. அவர்கள் அனுமதித்தால் பிறகு படிக்கலாம். ஒரு பொது நூலகத்தின் முத்திரை இருந்து, நீக்கப்பட்டது என்ற முத்திரை இல்லையென்றால், அந்த நூலை வாங்கவோ விற்கவோ கூடாது. அந்த நூலகத்தில் விசாரித்துத் திருப்பிக் கொடுப்பதற்கு வழி பார்க்க வேண்டும்.

எடுப்பதும் திருப்பி வைப்பதும்

தேர்வு செய்வதற்கு முன்பு, அரிது என்று தோன்றும் நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் தேடிப் பார்க்கலாம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலையும் ஒப்பிடலாம். தேடும்போது ஆசிரியர் பெயரின் பழைய எழுத்துமுறைகளையும் முயல வேண்டும். முதலியார், பிள்ளை, ஐயர் என்ற பின்னொட்டு சில பட்டியல்களில் விடுபட்டிருக்கும், ராமசாமி இராமசாமியாக இருப்பார். அங்கே நல்ல படியாக இருக்கும் நூலுக்கு அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. இல்லாத நூலாக இருந்தால் கிழிந்த பிரதியையும் வாங்கலாம். படம் எடுத்துப் பொதுவில் வைக்க நினைப்பவர்கள், ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும் என்பதையும், நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களுக்கு அந்தத் தடை இல்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

கடையில் விலை பேசும்போது ஒரே ஒரு நூலைத் தனியே நீட்டினால் அதன் மதிப்பை நாமே உயர்த்திக் காட்டுவதாக ஆகும் என்று சொல்லி, பத்தோடு பதினொன்றாக அதை நுழைத்து வாங்கும் தந்திரத்தைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. நியாயமான விலை கொடுக்கும் வாடிக்கையாளருக்காகவே, அடுத்த கட்டு வரும்போது பிரிக்காமல் எடுத்து வைத்துத் தொலைபேசியில் அழைக்கும் கடைக்காரர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். வீடாக இருந்தால், நாம் எடுத்துக்கொள்ளும் நூல்களின் பட்டியலை எழுதி, கையெழுத்திட்டு, குடும்பத்தாரிடம் ஒரு பிரதி கொடுத்துவிட வேண்டும். நாம் எடுக்காதவற்றில் மலர்களையும் அறிக்கைகளையும் மட்டுமாவது எடைக்குப் போடாமல், அந்தந்தப் பள்ளிக்கோ கோயிலுக்கோ சங்கத்துக்கோ கொடுக்கும்படி சொல்லலாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்தவற்றை உடனே நம் அலமாரியில் சேர்க்காமல், சில வாரங்கள் தனியாக வைத்துப் பூச்சி இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். ஈரம் உள்ளவற்றை நேர் வெயிலில் காயவைத்தால் அட்டை வளைந்துவிடும். காற்றோட்டமான நிழலில், சற்றே விரித்து நிற்க வைக்க வேண்டும். கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டவே கூடாது. அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும். வசம்புத் துண்டுகளையோ உலர்ந்த வேப்பிலையையோ வைப்பவர்கள், அவற்றைப் பக்கங்களுக்கு இடையே வைக்காமல் துணியில் முடிந்து தட்டின் மூலையில் வைக்க வேண்டும். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் போட வேண்டும். முதல் சுற்றில் எடுத்த படங்களை, நோட்டில் உள்ள தட்டு எண்களோடு சேர்த்துப் பெயரிட்டுச் சேமித்து, அந்த வீட்டாருக்கும் ஒரு படி அனுப்பிவிட வேண்டும்.